தங்கை போட்ட பென்சில் கோடு

கேள்வி: அமானுஷ்யக் காதல் தொடர் ஒன்றின் முதல் நாவலை என் தங்கை படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். பெரிய ஏமாற்றம். பாதிப் புத்தகம் ரத்தக்காட்டேரிக் குலங்களின் வரலாறு. நாயகன் முறைக்கிறான், நாயகி மயங்குகிறாள். ஏன் காதல் வந்தது என்றால் ‘விதி’யாம். போதாததற்கு அவள் பிரதி முழுக்கப் பென்சில் கோடுகள், ஒரே எரிச்சல். அவளிடம் ‘சூப்பர்’ என்று சொல்லிவைத்தேன். அடுத்த பாகங்களைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: நாவல் சுமார்தான், நம்புகிறேன். இந்த வகைத் தொடர்களில் முதல் பாகத்துக்கு அந்தக் கஷ்டம் உண்டு. யாருக்கு என்ன சக்தி, எந்தக் குலத்துக்கு எது பகை, வெயில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் அதிலேயே கொட்டுவார்கள். காதலுக்கு இடம் இருக்காது. ‘விதிக்கப்பட்ட துணை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பல தொடர்களில் பாகத்துக்குப் பாகம் ஜோடி மாறும். முறைக்கிறவன் பிடிக்கவில்லையா, அடுத்ததில் வேறொருவன் வருவான். படித்தாலும் சரி, விட்டாலும் சரி.

எனக்கு உறுத்துவது அந்தப் பென்சில் கோடு. நாயகன் முறைத்ததை எழுதத் தெரிந்த உங்களுக்கு, தங்கை எந்த வரிக்குக் கீழே கோடு போட்டாள் என்று எழுதத் தோன்றவில்லையே! இந்தக் கதைகளில் நாயகி தூங்கும்போது அவன் அறைக்குள் வந்து நின்று பார்ப்பான். ‘நீ எனக்குத்தான் சொந்தம்’ என்பான். அதெல்லாம் காதல் கணக்கில் சேரும். கோடு அங்கே விழுந்திருந்தால் நீங்கள் அவளிடம் பேச வேண்டியது நிறைய. வீட்டில் தன் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று நாயகி புலம்பும் இடத்தில் விழுந்திருந்தால் அதைவிட நிறைய. வர்ணனை பிடித்துப்போய்ச் சும்மா போட்டதாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

புதுப் பிரதி வாங்கித் தராமல், தான் கோடு போட்டதையே அக்காவிடம் தந்திருக்கிறாள். நீங்கள் ‘சூப்பர்’ என்று அவள் வாயை அடைத்துவிட்டீர்கள். கூடப் பிறந்தவள் சண்டையாவது போட்டிருக்க வேண்டாமா?

ஜான் பாலிடோரி எழுதி 1819-இல் வெளியான ரத்தக்காட்டேரிக் கதையில் ஓர் அண்ணன் வருகிறான். அதில் ரத்தக்காட்டேரி ஒரு பிரபு. அந்தப் பிரபு எப்பேர்ப்பட்டவன் என்று அண்ணனுக்குத் தெரியும். சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டதால் தவிக்கிறான். பிரபு அவன் தங்கையையே கல்யாணம் செய்து ரத்தத்தைக் குடித்துவிடுகிறான். அவனுக்காவது சத்தியம் என்று ஒரு சாக்கு இருந்தது. உங்களுக்கு?

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கே அவளைக் கூப்பிடுங்கள். பக்க எண்ணைச் சொல்லி, இங்கே ஏன் கோடு போட்டாய் என்று கேளுங்கள். ‘சூப்பர்’ என்றது பொய் என்பதையும் சொல்லிவிடுங்கள். திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள்.