கிலோமீட்டரை விடுங்க தம்பி, நடுவில் இறங்கும் ஊரைப் பாருங்க

முதல் தடவை வெளிநாடு வர்றேன், ரெண்டு விமான நிலையத்துக்கும் நடுவுல எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்னு கேட்டிருந்தீங்க. தூரத்தை இணையத்துல தட்டினா ஒரு நொடியில வந்துடும். மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துக்குங்க. மேற்கே போனா எதிர்க்காத்து, கொஞ்சம் கூடும். லண்டன்–நியூயார்க் 5,500 கிலோமீட்டர் சொச்சம். போக எட்டு மணி, திரும்ப ஏழு. அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

இதைக் கேளுங்க. சிங்கப்பூர்–நியூயார்க் நேர் விமானம் 15,300 கிலோமீட்டரைப் பத்தொன்பது மணி நேரத்துக்குள்ள கடந்துடுது. அதுல பாதி தூரம் வர எனக்கு முப்பத்தொன்பது மணி நேரம் ஆச்சு.

மலிவா முடிச்சுத் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் ரெண்டு விமானக் கம்பெனியில தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுத்தார். எனக்கு என்ன தெரியும், வாங்கிட்டேன். முதல் விமானம் ரெண்டு மணி நேரம் தாமதம். நடுவுல இறங்கி ரெண்டாவது கம்பெனி கவுன்ட்டருக்கு ஓடிப் போய் நின்னா, "நீங்க வரலை, டிக்கெட் போச்சு, இதுலயே இருக்கிற ரிட்டர்னும் போச்சு"ன்னுட்டாங்க. ஒரே டிக்கெட்டா இருந்தா அடுத்த விமானத்துல ஏத்தி விட வேண்டியது அவங்க பொறுப்பு. தனித்தனின்னா உங்க தலைவிதி.

பெட்டியும் நடுவுல இறங்கின அந்த ஊர் வரைக்கும்தான் போட்டிருக்கு. அதை எடுக்கணும்னா குடிவரவைத் தாண்டணும், அதுக்கு விசா இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெல்ட்டுல நைலான் கயிறு கட்டின என் பெட்டி தனியாச் சுத்திட்டே இருந்துச்சு. சான்றிதழ் எல்லாம் அதுக்குள்ள! நீங்க அதையெல்லாம் கைப்பையில வைங்க. நடுவுல இறங்கற நாட்டுக்கு டிரான்சிட் விசா வேணுமான்னும் பாருங்க. அமெரிக்கான்னா, பெட்டியில கடைசி ஊர் வரைக்கும் டேக் (ஊர் பேர் போட்ட சீட்டு) போட்டிருந்தாலும், முதல்ல இறங்கற இடத்துலயே பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கணும், பெரும்பாலும். மூணு மணி நேர இடைவெளியாவது இல்லாம டிக்கெட் எடுக்காதீங்க.

இங்கே நம்மாளுங்க சிலர், "பன்னெண்டு மணி நேரம்தான், தூங்கி எழுந்தா வந்துடும்"னு அளப்பாங்க. வீட்டு வாசல்லேர்ந்து எண்ணச் சொல்லுங்க, பேச்சு மாறிடும். வர்றவங்க தலையில பார்சல் கட்டறதும் இவங்கதான். உள்ளே என்னன்னு தெரியாததைத் தொடாதீங்க. பிடிபட்டா கம்பி எண்ணப் போறது நீங்க.

தூக்கம் மாறுமான்னு கேட்டிருந்தீங்க. மாறும், ஒரு வாரத்துல சரியாயிடும். நான் இப்பல்லாம் ஏறி உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் போற ஊர் நேரத்துக்குத் திருப்பிடுவேன், ஒரே ஒரு கைப்பையோட போய் வந்துடறேன்.

அன்னைக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துப் புது டிக்கெட் வாங்கி, போட்டிருந்த சட்டையோட வந்து இறங்கினேன். பெட்டி வர ஒன்பது நாள் ஆச்சு. கயித்துல அப்பா போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு. என்னால அவிழ்க்க முடியலை, கத்திரிக்கோல் பெட்டிக்குள்ள.