வியாபார வேலையாக பார்சிலோனா: வாசகர் கேள்வி – பதில்

கே: ஏப்ரல் கடைசியில் பார்சிலோனாவில் நடக்கும் கடல் உணவுக் கண்காட்சிக்கு முதல் தடவையாகப் போகிறேன். கடற்கரை ஓரத்தில் ஒரு ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– தூத்துக்குடி வாசகர்

ப: எடுக்காதீர்கள். பிரசெல்ஸில் நடந்துகொண்டிருந்த அந்தக் கண்காட்சி 2022 முதல் பார்சிலோனாவில் ‘ஃபிரா கிரான் வியா’ வளாகத்தில் நடக்கிறது. அது கடற்கரைப் பக்கம் இல்லை. நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில், ஓஸ்பிதாலெத் என்ற பக்கத்து ஊரின் எல்லைக்குள் இருக்கிறது. பார்சலோனெத்தா கடற்கரையிலிருந்து மெட்ரோ மாறி மாறிப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். காலை ஒன்பது மணிக்கு ஸ்டாலைத் திறக்க வேண்டியவருக்கு அது தினமும் ஒரு தலைவலி.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. ‘ஃபிரா’ என்ற பெயரில் இரண்டு வளாகங்கள் உண்டு. பழையது மொன்ஜுயிக், பிளாசா எஸ்பானியா சதுக்கத்தை ஒட்டியது. புதியது கிரான் வியா. டாக்ஸியில் ஏறி ‘ஃபிரா’ என்று மட்டும் சொன்னால் பழைய வளாகத்தில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். ‘ஃபிரா கிரான் வியா’ என்று முழுப் பெயரையும், அனுமதி அட்டையில் போட்டிருக்கும் நுழைவாயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். வளாகம் மிகப் பெரியது. தப்பான வாயிலில் இறங்கினால் நடந்தே களைத்துப்போவீர்கள்.

தங்குவதற்கு பிளாசா எஸ்பானியா பக்கமே எங்கள் முதல் தேர்வு. அங்கிருந்து எஃப்.ஜி.சி. ரயிலில் ‘யூரோப்பா ஃபிரா’ நிலையம் சுமார் பத்து நிமிடம். சாயங்காலம் சாப்பிடவும் நடக்கவும் அக்கம்பக்கத்திலேயே இடம் உண்டு. வளாகத்தை ஒட்டிய பிளாசா யூரோப்பா ஹோட்டல்கள் இன்னும் பக்கம்தான். ஆனால் இரவில் அந்தப் பகுதி வெறிச்சோடிவிடும்.

அறை வாடகையோடு ‘சுற்றுலா வரி’ தனியாக வரும். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று, அதிகபட்சம் ஏழு இரவுகளுக்கு வாங்குவார்கள். ஹோட்டலின் நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும். முன்பதிவில் காட்டும் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அபார்ட்மென்ட் எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் ‘ஹெச்.யு.டி.பி.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமமில்லாத வீடுகள் மீது மாநகராட்சி கடுமையாக நடவடிக்கை எடுக்கிறது. கண்காட்சிக்கு முதல் நாள் வீட்டுக்காரர் கையை விரித்தால், அந்த வாரத்தில் வேறு அறை நியாயமான விலைக்குக் கிடைக்காது.

கே: விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு எதில் போவது? பத்துப் பயண டிக்கெட் வாங்கினால் லாபம் என்கிறார்களே?
– சென்னை வாசகி

ப: லாபம்தான், ஆனால் விமான நிலைய மெட்ரோவுக்கு அது செல்லாது. ‘டி-காஷுவல்’ என்ற அந்த டிக்கெட்டை எல்9 சூட் மெட்ரோவின் விமான நிலைய நிலையங்களில் காட்டினால் கதவு திறக்காது. அங்கே தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ‘ஓலா பார்சிலோனா’ நாள் பாஸ் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. 48 மணி முதல் 120 மணி வரை நான்கு வகையில் விற்கிறார்கள். ஆனால் ஆர்2 நோர்த் ரயிலில் டி-காஷுவல் செல்லும். அந்த ரயில் டெர்மினல் 2-லிருந்துதான் கிளம்புகிறது, அரை மணிக்கு ஒன்று. டெர்மினல் 1-இல் இறங்கினால் இலவசப் பேருந்தில் 2-க்குப் போக வேண்டும். இன்னொன்று, டி-காஷுவலை ஒருவர்தான் பயன்படுத்தலாம். இரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் போய் மாட்டினால் அபராதம்.

எது யாருக்கு? கண்காட்சி வளாகம் பக்கம் தங்குகிறவருக்கு எல்9 சூட். ‘யூரோப்பா ஃபிரா’வுக்கு நேராகப் போகிறது. நகர மையத்துக்கு ஏரோபஸ், பிளாசா கத்தலூன்யா வரை ஏறக்குறைய 35 நிமிடம். ஸ்டால் சாமான் பெட்டிகளோடு இரண்டு மூன்று பேராக வந்தால் கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான் சரி. மீட்டர் உண்டு, விமான நிலையப் பயணத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு.

மெட்ரோ ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு 12 மணியோடு சரி. வெள்ளி இரவு 2 மணி வரை ஓடும், சனி விடிய விடிய.

கே: இயந்திர உதிரி பாக மாதிரிகளைச் சூட்கேசிலேயே எடுத்துப் போகலாமா?
– கோவை வாசகர்

ப: திரும்பக் கொண்டுவரப் போகிற மாதிரி என்றால் ‘ஏ.டி.ஏ. கார்னெட்’ என்ற தற்காலிகச் சுங்க ஆவணத்தை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தக, தொழில் கூட்டமைப்பு தருகிறது. ஓராண்டு வரை செல்லும், அங்கே சுங்க வரி கட்ட வேண்டாம். பொருள் பட்டியலில் வரிசை எண், எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் பொருளோடு பொருந்த வேண்டும். கழுத்தை அறுப்பது முத்திரைதான். இந்தியாவை விட்டுப் போகும்போது, ஐரோப்பாவுக்குள் நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இங்கே திரும்பும்போது என்று நான்கு முத்திரை விழ வேண்டும். பலர் பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் அவசரத்தில் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். பொருள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டதாகக் கணக்காகி, மாதக்கணக்கில் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே சுங்க அலுவலகத்துக்குப் போங்கள். கொடுத்த பிறகு காட்டப் பொருள் கையில் இருக்காது.

இலவசமாகக் கொடுக்கும் பேனா, துண்டறிக்கை போன்றவற்றைக் கார்னெட்டில் சேர்க்கக் கூடாது, அவை திரும்பி வராது அல்லவா. மேலே கேட்ட தூத்துக்குடி வாசகருக்கும் இங்கேயே ஒரு வார்த்தை: உறைந்த இறால் மாதிரிகளுக்குச் சுகாதாரச் சான்றிதழும் எல்லைச் சோதனையும் வேண்டும். அவற்றைச் சூட்கேசில் வைக்காமல் கண்காட்சியின் சரக்கு முகவர் வழியாக அனுப்புங்கள்.

கே: பிக்பாக்கெட் பயம் உண்மையா, மிகையா?
– மதுரை வாசகர்

ப: உண்மை. அடிதடி அபூர்வம், கைவரிசைதான் அதிகம். லா ராம்பிளா வீதி, சான்ட்ஸ் ரயில் நிலையம், பசேச் தெ கிராசியா, எல்3 மெட்ரோ எல்லாம் அவர்களுக்குப் பழகிய இடங்கள். வியாபாரப் பயணிகள் பறிகொடுப்பதோ பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்போதுதான். ஹோட்டல் வரவேற்பறையிலும் காலை உணவு மேசையிலும் நாற்காலி முதுகில் மாட்டிய லேப்டாப் பை போகும். வெளி மேசையில் வைத்த போன் மீது ஒருவர் வரைபடத்தையோ காகிதத்தையோ விரித்து வழி கேட்பார். காகிதத்தோடு போனும் போய்விடும். சட்டையில் ஏதோ கறை என்று துடைத்துவிட வருகிறவரிடமிருந்தும் நகர்ந்து போய்விடுங்கள். பை கால்களுக்கு நடுவில், வார் முழங்காலில் சுற்றி இருக்கட்டும். கண்காட்சி அட்டையை வெளியே வந்ததும் கழுத்திலிருந்து கழற்றிவிடுங்கள். நீங்கள் வெளியூர்க்காரர், பையில் லேப்டாப் இருக்கிறது என்று அது தூரத்திலிருந்தே சொல்லிவிடும்.

பாஸ்போர்ட் போனால் முதலில் போலீஸில் ‘தெனுன்சியா’ என்ற புகார்ச் சீட்டு. கத்தலோனியாவின் போலீஸ் ‘மோசோஸ்’. பழைய நகரப் பகுதிக்கான அவர்கள் நிலையம் நோவ் தெ லா ராம்பிளா தெருவில் இருக்கிறது. அவசர எண் 112. அந்தச் சீட்டோடு பார்சிலோனாவிலேயே இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்ப அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். காப்பீட்டுக்கும் அதே சீட்டுதான் ஆதாரம்.

கே: சைவம் மட்டும் சாப்பிடுவேன். சமாளிக்க முடியுமா?
– கரூர் வாசகர்

ப: முடியும். ‘வெஜிடேரியானோ’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். சாலட்டில் சூரை மீன் துண்டு கிடக்கும், கீரையில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடக்கும். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்’ (இறைச்சி, மீன், ஹாம் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். காய்கறி பாயேயா சோறுகூட மீன் சாற்றில் வெந்திருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தக்காளி தேய்த்த ரொட்டியான ‘பா அம் தொமாக்கெத்’ நிச்சயம் கைகொடுக்கும். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த ‘எஸ்கலிவாதா’வும் நல்லது, மேலே நெத்திலி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘தோர்தில்யா’ என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் முட்டை உண்டு. ராவால் பகுதியில் இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும் மளிகைக் கடைகளும் நிறைய.

வயிற்றை விட நேரம்தான் படுத்தும். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. பேச்சுவார்த்தை மதிய உணவோடு நீண்டு, விலை பற்றிய பேச்சு காபி வரும்போதுதான் தொடங்கும். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறும். அதாவது ஏப்ரலில் அங்கே மாலை நாலு மணிக்கு விலை படிந்தால், கரூரில் இரவு ஏழரை. அலுவலகத்தில் ஒப்புதல் தர ஆள் இருக்காது. எந்த விலை வரை இறங்கலாம் என்பதைக் காலையிலேயே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் சந்திப்பே வைக்காதீர்கள், பாதி அலுவலகங்கள் விடுமுறையில் இருக்கும்.

கே: முகவரியில் ‘3–2’ என்று போட்டிருக்கிறார்கள். அறை எண்ணா?
– ஓசூர் வாசகர்

ப: மூன்றாம் மாடி, இரண்டாம் கதவு. ஆனால் எய்ஷாம்பிளா பகுதியின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் ‘என்த்ரசோல்’, அதற்கு மேல் ‘பிரின்சிபால்’, அதன் பிறகுதான் முதல் மாடி. அப்படிப்பட்ட கட்டடத்தில் மூன்றாம் மாடி என்பது நம் கணக்கில் ஐந்தாவது. லிப்ட் பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் இடம் தரும். மாதிரிப் பெட்டியோடு போனால் பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நில்லுங்கள்.