உப்புக்காற்றில் பிரேக் கேலிப்பருக்கு வர்ணம் பூசுதல்: கேள்வி பதில்

மண்டபத்திலிருந்து ஒருவர்: ஐயா, என் காரின் முன்சக்கரக் கேலிப்பர்கள், அதாவது பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகங்கள், செம்மண் பூசியது போலத் துருவேறிவிட்டன. சுரண்டிவிட்டு மேலே வர்ணம் அடித்தால் போதுமா?

போதாது. நம் கரையில் கேலிப்பர் வர்ணம் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அதன் அடியில் தங்கிவிட்ட உப்புதான். வார்ப்பிரும்பின் நுண்குழிகளில் ஒட்டியிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், மேலே எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் விரைவிலேயே வர்ணம் கொப்புளித்து, உள்ளிருந்து துரு வெளிப்படும். எனவே நன்னீர் விட்டுக் கழுவுவதே முதல் வேலை. உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதைத் தொடாமல், குடிநீரில் ஒரு குடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. கம்பி பிரஷ்ஷாலும் 80ஆம் எண் உப்புத்தாளாலும் தேய்த்த பிறகு மறுபடியும் கழுவ வேண்டும், ஏனெனில் துருவுக்குள் அடைபட்டிருந்த உப்பு அப்போதுதான் வெளியே வருகிறது. பலரும் தவிர்த்துவிடுவது இந்த இரண்டாவது கழுவலைத்தான். நன்கு உலர்ந்ததும் 220ஆம் எண் தாளால் மெல்லத் தேய்த்து, பிரேக் கிளீனரால் பிசுக்கை நீக்கிவிட்டால் பரப்பு தயார்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: கேலிப்பரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

தேவையில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினாலே வெளியில் தெரியும் பகுதி முழுவதும் கைக்கு எட்டும். பின்புறத்துக்காகப் போல்ட்டை எடுத்தால், கேலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்து, அது பொருத்தப்படும் வரை பிரேக் பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸை மட்டும் கழற்றாதீர்கள். காற்று புகுந்துவிடும் என்பதோடு, சிந்தும் பிரேக் ஆயில் வர்ணத்தையே அரித்துவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: படகுக்கு அடித்த எனாமல் மிச்சம் இருக்கிறது, ஐயா. அதையே பூசலாமா?

படகுக்கே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து பிரேக் பிடிக்கும்போது கேலிப்பரின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சாதாரண எனாமல் அதில் நிறம் மாறி உதிரும். கேலிப்பருக்கென்றே விற்கும், வெப்பத்தையும் பிரேக் ஆயிலையும் தாங்கும் வர்ணத்தை வாங்குங்கள். ஸ்பிரேயைவிடத் தூரிகையால் பூசும் வகையே காற்று ஓயாத நம் ஊருக்கு ஏற்றது என்பது என் கருத்து. சிவப்பு பூசினால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. நிறத்துக்கும் பிரேக்குக்கும் தொடர்பில்லை.

இராமேசுவரத்திலிருந்து ஒருவர்: எந்தப் பருவத்தில் செய்யலாம்?

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்துவந்து ஈர வர்ணத்தில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையிலோ மழையும் ஈரமும் வர்ணத்தைக் காயவிடா. மாசி, பங்குனியில், காலைப்பனி முற்றிலும் உலர்ந்த பின் தொடங்கி, கடற்காற்று வலுப்பதற்குள் முடித்துவிடுங்கள். கனமாக ஒரே பூச்சாகப் பூசாமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக, டப்பாவில் குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பூசுவது நல்லது.

தொண்டியிலிருந்து ஒருவர்: எவற்றின் மீது வர்ணம் படக்கூடாது?

டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் பேட், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை, கேலிப்பர் நகர உதவும் சறுக்கு ஊசிகள், காற்றெடுக்கும் நிப்பிள், ஹோஸ் ஆகியவற்றின் மீது படக்கூடாது. எல்லாவற்றையும் டேப்பாலும் செய்தித்தாளாலும் மூடிவிடுங்கள்.

மீண்டும் மண்டபத்துக்காரர்: ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது. வர்ணம் பூசும்போது அதுவும் சரியாகிவிடுமா?

ஆகாது, தம்பி. சறுக்கு ஊசியோ பிஸ்டனோ துருவால் இறுகியிருக்கலாம். முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஊசிகளுக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிவிடும் என்பதால், பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸையே கேளுங்கள். அந்தப் பழுது தீர்ந்த பிறகு வர்ணம் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் வரை உலரவிட்டு, சக்கர நட்டுகளை முறையாக முறுக்கி, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துப் பாருங்கள்.