கூறைப்புடவையின் சிவப்பு தாளில் மங்குவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரில், 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாளில் குடும்பப் படங்களை அச்சிடுகிறேன். திரையில் அரக்குச் சிவப்பாகத் தெரியும் அம்மாவின் கூறைப்புடவை, தாளில் செங்கல் நிறமாகிவிடுகிறது, முகமும் இருண்டுபோகிறது. மையை மாற்ற வேண்டுமா, பிரிண்டரையே மாற்ற வேண்டுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் நாசில் செக், அதாவது மை வரும் நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். கோடுகள் எங்கும் அறுபடாமல் வந்தால், மையையும் பிரிண்டரையும் மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் காரணம் தாள்தான். சாதாரணத் தாளில் பூச்சு இல்லாததால், மைத்துளி மேற்பரப்பில் நிற்காமல் நார்களுக்குள் இறங்கிப் பக்கவாட்டிலும் பரவுகிறது. பரவிய துளிகள் ஒன்றோடொன்று கலப்பதால் படத்தின் நடுத்தர நிழல்கள், அதாவது மிக வெளிச்சமும் மிக இருளும் இல்லாத இடங்கள், கருக்கின்றன. முகம் இருள்வது இதனால்தான். உள்ளே இறங்கிய மை வெளிறித் தெரிவதால் கறுப்பு கரும்சாம்பலாகவும், அரக்கு செங்கல்லாகவும் மாறுகின்றன. தானே ஒளிவிடும் திரையின் சிவப்பை, அறை வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் இந்தத் தாள் முழுமையாக எட்டாது. ஆனாலும் இப்போது வருவதைவிட நிச்சயம் நன்றாக அச்சிடலாம்.

பிரிண்டர் அமைப்பில் தாள் வகையைச் சாதாரணத் தாள் என்றும், தரத்தை உயர்நிலை என்றும் வையுங்கள். அடுத்தது, பலர் அறியாமல் செய்யும் பிழை: படத்தைத் திருத்தும் மென்பொருளும், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஒரே நேரத்தில் நிறத்தைச் சரிசெய்ய முயன்றால், திருத்தத்தின் மேல் திருத்தம் விழுந்து நிறம் திரிந்துவிடும். அந்தப் பொறுப்பை இரண்டில் ஒன்றிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும். படத்தைத் திருத்தும் மென்பொருளிடம் விட வேண்டுமானால், நிறம் தாளில் எப்படி விழும் என்று சொல்லும் நிற புரொஃபைல் என்ற கோப்பு தேவை. அது குறிப்பிட்ட பிரிண்டர், மை, தாள் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டணிக்கு அளந்து உருவாக்கப்படுவது. கடையில் வாங்கும் நகல் தாளுக்கு அது பொதுவாகக் கிடைக்காது. ஆகவே படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. (sRGB) என்ற பொதுவான நிறவெளியில், அதாவது நிற வரம்பில், சேமித்து, டிரைவரிடமே விட்டுவிடுவது உங்களுக்கு ஏற்ற வழி. ஐபோனில் எடுத்த படங்கள் பெரும்பாலும் அதைவிட அகன்ற பி3 நிறவெளியில் இருக்கும் என்பதால், அவற்றை முதலில் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். திரையருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், திரையில் திறந்த வெற்றுப் பக்கமும் அந்தத் தாளும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரிய வேண்டும். அதற்குப் பின், முகமும் புடவையும் சேர்ந்த சிறு பகுதியை மட்டும் வெட்டி, நடுத்தர நிழல்களைப் படிப்படியாக வெளிரச் செய்த நான்கைந்து துண்டுகளை ஒரே தாளில் அச்சிட்டு, நன்கு காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சிவப்பு போதவில்லை என்று நிறச்செறிவை மட்டும் கூட்டாதீர்கள். புடவை ஒரே சிவப்புத் திட்டாகி, ஜரிகையும் மடிப்பும் மறைந்துவிடும். புடவையின் நிறம் சற்றுக் குறைந்தாலும், முகம் சரியாக வரும் துண்டையே நான் தேர்ந்தெடுப்பேன். அம்மாவின் படத்தில் முதலில் தேடுவது முகத்தைத்தானே!

கேள்வி: சாதாரணத் தாளை வைத்துவிட்டு, அமைப்பில் ஃபோட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்தால் நிறம் கூடுமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. மை அதிகமாக இறங்கித் தாள் அலையலையாக வளையும், பின்பக்கமும் கசியும். கறுப்புக்கு நிறமி மையும் (நுண்துகள்கள் கலந்தது) மற்ற நிறங்களுக்குச் சாய மையும் (நிறம் கரைந்திருப்பது) கொண்ட பல பிரிண்டர்கள், ஃபோட்டோ அமைப்பில் நிறமிக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்குகின்றன. அது சாதாரணத் தாளில் வலுவில்லாமல் பழுப்பேறித் தெரியும். பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களுக்கு, இங்க்ஜெட்டுக்கான பூச்சுள்ள மேட் தாளை வாங்குங்கள். பளபளப்புத் தாளைவிடப் பொதுவாக விலை குறைவு. அதில் பூச்சு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், சற்றே ஈரமான விரலால் ஓரத்தைத் தொடுங்கள். ஒட்டும் பக்கமே அச்சிட வேண்டிய பக்கம்.