ராத்திரி பத்து மணிக்கு வரும் போன்

அன்புள்ள சார்,

எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கப்போகும் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நல்ல மனிதர். எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் நின்றுபோனபோது நாலு நாள் அலைந்து திரும்ப வரவைத்தார். பாட்டிக்குப் பக்கவாதம் வந்த ராத்திரி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனால் போன வாரம் கோயில் திண்ணையில் பத்துப் பேர் நடுவில், "பொண்ணு வயசுக்கு வந்து ரெண்டு மூணு வருஷத்துல கட்டிக் குடுத்துடணும். அதுதான் நம்ம வழக்கம். வெச்சிருந்தா வேற சாதிப் பையனோட போயிடும். அப்படிப் போனா ஊரு சேத்துக்கக் கூடாது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. "அது அவரோட சொந்தக் கருத்து, நமக்குத் தண்ணி, ரோடு, லைட்டு நடந்தா போதும்" என்கிறார் அப்பா. என் தங்கை பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இந்தக் கருத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா? பேசாமல் ஓட்டே போடாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அப்பா சொல்வதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். தர்மபுரி மாவட்டத்தில் தண்ணீர் படுத்திய பாடு அவர் தலைமுறைக்குத்தான் தெரியும். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது. அந்தத் தண்ணீருக்காக நாலு நாள் அலைந்தவர் மேல் உங்கள் குடும்பத்துக்கு நன்றி இருப்பது நியாயம்.

ஆனால் "சொந்தக் கருத்து" என்ற இடத்தில் நான் அப்பாவுடன் உடன்பட மாட்டேன். கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதற்குத் தலைவர் ஊராட்சித் தலைவர்தான். பல ஊர்களில் அந்தக் குழு நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது என்பது வேறு விஷயம். உங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வெற்றிலை பாக்கு மாற்றினால் அதைத் தடுக்கும் பொறுப்பில் இருப்பவர் அவர். அப்படியானால் திண்ணையில் அவர் சொன்னது, நாளை தான் பார்க்கப்போகும் வேலையைப் பற்றிச் சொன்னது. தண்ணீர் எப்படி அவர் வேலையோ, இதுவும் அப்படியே.

நான் ஆசிரியராக இருந்தவன். ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு பயம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் இருந்த பெண்களில் ஒன்றிரண்டு பேர் பத்தாம் வகுப்புக்கு வரமாட்டார்கள். கேட்டால் "பாட்டி ஊருக்குப் போயிருக்குது சார்" என்பார்கள். ஒரு வருடம் மட்டும் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணே தோழியிடம் சொல்லியனுப்பியிருந்தாள். ராத்திரி பத்து மணி இருக்கும், அந்த ஊர்த் தலைவருக்கு போன் போட்டேன். "நான் பாத்துக்கறேன் சார், நீங்க தூங்குங்க" என்றார். நம்பித் தூங்கினேன். அவர் அடுத்ததாகப் பேசியது பெண்ணின் அப்பாவிடம். இரண்டு நாள் கழித்து நடக்க வேண்டிய கல்யாணம் அன்று விடிவதற்குள் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலில் முடிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஊருக்கு நிறையச் செய்தவர்தான். பெண்ணின் அப்பா அவருக்குப் பங்காளி, அவ்வளவுதான். கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்காத பெண் அவள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே பேசியிருக்க வேண்டும். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு தலைவரின் கருத்து என்னவென்று தெரிவது அந்தப் பத்து மணி போனில்தான்.

"நம்ம வழக்கம்" என்றாராம். வழக்கமாகவே இருக்கட்டும். பெண்ணின் திருமண வயதை 1929-இல் 14 என்று வைத்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். 1978-இல் அதை 18 ஆக்கியபோதும் இதையேதான் சொன்னார்கள். 2006-ஆம் வருடச் சட்டப்படி, குழந்தைத் திருமணத்தை நடத்துகிறவர்கள் மட்டுமல்ல, அதை ஊக்குவிக்கிறவர்களும் போய்க் கலந்துகொள்கிறவர்களும் குற்றவாளிகள். இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தேர்தலில் நிற்கிறவர்கள் எந்தக் கல்யாணத்தையும் விடமாட்டார்கள். மொய் எழுதுவார்கள், மைக் பிடித்து வாழ்த்துவார்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பதினாறு வயதுப் பெண்ணின் கல்யாணத்தில் இதையெல்லாம் செய்கிற தலைவர், தடுக்க வேண்டிய குற்றத்தில் தானும் சேர்கிறார். 2025 மார்ச்சில், கல்யாணம் செய்துவைக்கப்பட்ட 14 வயதுப் பெண்ணை அஞ்செட்டி மலைப்பக்கம் கதறக் கதறத் தூக்கிப்போன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அழுகையைக் கேட்ட பிறகும் வழக்கம் என்ற சொல் எப்படி ஒருவர் வாயில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

பெற்றவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணைக் கண் தெரியாத கிழவியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். மேல்நிலைப் பள்ளி ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. சாயங்கால பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்தப் பயம் நிஜம். அதற்கு ஒரு தலைவரால் செய்ய முடிந்தது எவ்வளவோ இருக்கிறது: பஸ்ஸுக்கு மனு, விடுதியில் இடம், கிராம சபையில் ஒரு தீர்மானம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அந்த விண்ணப்பத்தை வீடு வீடாகக் கொண்டுபோகிற தலைவருக்கு நானே ஓட்டுக் கேட்டு வருவேன்.

ஆனால் அவர் பேச்சின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். "வேற சாதிப் பையனோட போயிடும்." அவருடைய நிஜமான பயம் அங்கேதான் இருக்கிறது. பெண்ணுக்குத் தன் மனம் தெரியும் வயது வருவதற்குள் தாலி ஏறிவிட வேண்டும், அப்போதுதான் சாதி கலையாது. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவதும், பதினாறில் கட்டிக் கொடுப்பதும், பெரியவளாகித் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் ஒதுக்கிவைப்பதும் ஒரே வேலியின் முள்தான்.

அந்த வேலி எதில் போய் முடியும் என்பதை நம் மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது. 2012 நவம்பர் 7. ஒரு தலித் இளைஞனும் வேறு சாதிப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள், பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அன்று சாயங்காலம் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பெங்களூரில் சித்தாள் வேலை செய்து கட்டிய வீடுகள் அவை. பீரோ, டிவி, பைக், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் சாம்பல். 2018-இல் ஓசூர் பக்கத்தில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட இருவரின் உடல்களைக் கர்நாடகத்தில் காவிரியிலிருந்து எடுத்தார்கள். இதெல்லாம் ஒருநாளில் திடீரென்று நடந்துவிடவில்லை. யாரோ ஒருவர் திண்ணையில் "ஊரு சேத்துக்கக் கூடாது" என்று சொல்லும்போது சுற்றியிருந்த பத்துப் பேர் பேசாமல் இருந்ததில் தொடங்கியது.

அந்த "ஊரு" என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். நம் பக்கம் ஊர் வேறு, காலனி வேறு. ஊராட்சி என்றால் இரண்டும் சேர்ந்தது. ஓட்டுக் கேட்டு அவர் காலனிக்கும்தான் போகப்போகிறார். அங்கே இருக்கிற பையன்தான் "வேற சாதிப் பையன்". அவன் அம்மாவிடம் கைகூப்பி ஓட்டுக் கேட்டுவிட்டு, அவனை ஊருக்கு ஆபத்து என்று திண்ணையில் பேசினால், அவர் யாருக்குத் தலைவர்?

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், அவற்றை ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டியது பற்றிப் போன ஒரு வழக்கின் தீர்ப்பு அது. வயது வந்த இருவர் விரும்பிச் செய்யும் கல்யாணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடக் கூடாது என்று 2018-இல் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. பெற்றவர்கள் வருத்தப்படலாம், பேசாமல் இருக்கலாம். அது அவர்கள் வீட்டு விஷயம். ஊர் கூடி ஒதுக்குவது அப்படி இல்லை.

சரி, ஓட்டுப் போடாமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் வீட்டில் உட்கார்ந்தால் திண்ணையில் இருந்த பத்துப் பேரின் ஓட்டு மட்டும்தான் அவர் காதில் விழும்.

அதற்கு முன்னால் அவரை நேரில் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், மகளிர் குழுவில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலனியிலிருந்தும் ஒருவர் வரட்டும். அவர் கருத்து தவறு என்று வாதம் செய்தால் கோபம்தான் மிஞ்சும். ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணா, ராத்திரி பத்து மணிக்கு ஒரு புள்ள உங்களுக்கு போன் பண்ணி, நாளைக்கு எனக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க, எனக்குப் பதினாறு வயசுன்னு சொன்னா, அடுத்த போனை யாருக்குப் பண்ணுவீங்க?" அவரைப் பதில் சொல்ல விடுங்கள். உங்கள் பாட்டிக்காக நடு ராத்திரியில் காரை எடுத்தவர் அவர், அதனால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. 1098 என்றோ, சமூகநல அலுவலர் என்றோ, போலீஸ் என்றோ சொன்னால், அதையே பிரச்சாரத்தில் காலனிக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். "பொண்ணோட அப்பன்கிட்ட பேசறேன்" என்றால் வேறு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். யாருமே சரியில்லை என்றால், உங்களோடு வந்த பெண்களில் ஒருவரை நிற்கச் சொல்ல முடியுமா என்று பேசிப் பாருங்கள். நம் மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது.

தங்கையின் போனில் 1098-ஐப் பதிந்து கொடுங்கள். அவளுடைய வகுப்புத் தோழிகளுக்கும். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.