20 சதவீதம் பஃபர் சேர்த்தும் ஒவ்வொரு ரிலீஸும் தள்ளிப்போகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறீர்கள், ஒவ்வொரு வேலைக்கும் டெவலப்பரிடமே நாள் கணக்குக் கேட்டு எக்செல்லில் போட்டு, மேலே 20 சதவீதம் சேர்த்திருக்கிறீர்கள், அப்படியும் மூன்று ரிலீஸ் தள்ளிப்போய்விட்டது, அடுத்தது பேமென்ட் கேட்வேயோடு, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையோடு, ஜனவரி கடைசியில் கோ-லைவ், நிஜப் பயனர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்கிறீர்கள். இதுதானே உங்கள் நிலைமை? உங்கள் கணக்கில் பெரிய தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை செய்யும் நாட்களை எண்ணியிருக்கிறீர்கள், காத்திருக்கும் நாட்களை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

16 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ப்ரோக்ராம் கோடு எழுதுவது இழுத்ததால் தேதி தவறிய ப்ராஜெக்ட் என்று யோசித்தால் இரண்டு மூன்றுதான் ஞாபகம் வருகிறது. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் எதையோ தருவதற்காக உட்கார்ந்திருந்ததில் போனவை.

ஒன்றைச் சொல்கிறேன். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு மொபைல் ஆப், ஒன்பது வாரத் திட்டம். ஓடிபி லாகினுக்கு டெவலப்பர் இரண்டு நாள் என்றார், ஒன்றரை நாளில் முடித்தும் விட்டார். ஆனால் நம் நாட்டில் கம்பெனி பெயரில் எஸ்எம்எஸ் போக வேண்டுமென்றால் அனுப்புகிறவரின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டெலிகாம் நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். கிளையன்ட்டின் டிஎல்டி கணக்கு எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் மெயில் ஐடியில் இருந்தது. அதை மீட்டு, புதிதாக வாசகம் பதிந்து, ஒப்புதல் வருவதற்குள் 19 நாள். வந்த பிறகாவது ஒழுங்காகப் போனதா என்றால் அதுவும் இல்லை, பதிந்த வாசகத்தில் இருந்த ஒரு வார்த்தையை எங்கள் பையன் ஒருவன் அழகுபடுத்துகிறேன் என்று கோடில் மாற்றிவிட்டான், செய்தி ஒன்றும் போகவில்லை, அதைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள்.

இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? 2021 மார்ச் 8 அன்று பதிந்த வாசகத்தோடு ஒத்துப்போகாத எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கும் இந்தச் சரிபார்ப்பை முழுதாக அமல்படுத்தியபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் பணப் பரிமாற்றம் முதல் பல வேலைகள் நின்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பே அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. நான் சொல்லும் ப்ராஜெக்ட் அதற்கு அப்புறம் வந்தது. எங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் திட்டத்தில் அது ஒரு வரியாக இல்லை, ஏனென்றால் அது யாருடைய வேலையும் இல்லை.

சரி, 20 சதவீதம் ஏன் போதவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கோ-லைவுக்கு ஐந்து பேர் தனித்தனியாக ஒவ்வொன்று தர வேண்டும் என்று வையுங்கள்: கேட்வே நிறுவனம், கிளையன்ட்டின் நெட்வொர்க் டீம், செக்யூரிட்டி ஆடிட், பழைய டேட்டா, யுஏடி (கிளையன்ட்டே ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தரும் சோதனை). ஒவ்வொருவரும் சொன்ன நாளில் தர 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது, நல்ல ஆட்கள்தான். ஐந்தும் சேர்ந்து சரியான நாளில் வர எவ்வளவு வாய்ப்பு? 0.8ஐ ஐந்து முறை பெருக்குங்கள், கிட்டத்தட்ட 33 சதவீதம். மூன்றில் ஒரு தடவைதான் நேரத்துக்கு முடியும். ஒருவர் சொதப்பினால் போதும், மற்ற நால்வர் சீக்கிரம் தந்ததால் எந்தப் பலனும் இல்லை.

அதனால் டெவலப்பரிடம் ஒரே எண்ணைக் கேட்பதை நிறுத்துங்கள். 1958இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையில் மூன்று எண் கேட்பார்கள்: எல்லாம் நன்றாகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை. நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 4, 6, 20 என்று சொன்னால் விடை 8. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த 8 முக்கியமில்லை. "20 நாள் எப்படி ஆகும்?" என்று திருப்பிக் கேட்கும்போது வரும் பதில்தான் வேண்டும். "அந்த பேங்க் ஏபிஐக்கு டாக்குமென்ட் சரியாக இருக்காது சார், போன தடவையே..." என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள் (ஏபிஐ என்பது நம் ஆப் அவர்கள் சிஸ்டத்தோடு பேசும் வழி), ரிஸ்க் என்றால் அதுதான்.

என்னென்ன தப்பாகப் போகலாம் என்று எழுதிவைக்கும் ரிஸ்க் ரிஜிஸ்டர் உங்கள் கம்பெனியிலும் இருக்கும். ஆடிட் வரும்போது தூசி தட்டித் திறப்பார்கள். "முக்கிய நபர் விலகக்கூடும், பாதிப்பு: நடுத்தரம்" என்று எழுதி வைத்து யாருக்கு என்ன லாபம்? நான் ஐந்து வரிக்கு மேல் வைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி இருக்கும், இது நடக்குமா நடக்காதா என்று எந்த நாளுக்குள் நமக்குத் தெரிந்துவிட வேண்டும் என்ற தேதி. அந்த நாளில் பதில் வரவில்லையென்றால் என்ன செய்வோம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். ஏபிஐ 14ஆம் தேதிக்குள் வராவிட்டால் முதல் ரிலீஸில் அந்த ஸ்க்ரீன் கிடையாது, இந்த மாதிரி. இதைக் கிளையன்ட்டிடம் முதல் வாரத்திலேயே சொல்லி மெயிலில் ஒப்புதல் வாங்கிவிட்டால், பிறகு சண்டை பாதியாகக் குறையும்.

எது ரொம்பச் சந்தேகமோ அதை முதலில் எடுங்கள். நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம், லாகின் பேஜ், டேஷ்போர்டு என்று எளிதானதை முடித்துவிட்டு ஸ்டேட்டஸ் காலில் 70 சதவீதம் என்கிறோம். டென்வர் விமான நிலையத்தின் கதையைப் படித்தால் இது புரியும். பெட்டிகளைக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் தானாகக் கொண்டுபோகும் அமைப்பு, ஆயிரக்கணக்கான வண்டிகள், அந்த அளவில் யாரும் அதுவரை செய்து பார்க்காதது. அதற்கான ஒப்பந்தமோ கட்டட வேலை நன்றாக முன்னேறிய பிறகு, 1992இல்தான் முடிவானது. நிலையம் திறக்க வேண்டிய மாதம் 1993 அக்டோபர். மியூனிக் விமான நிலையத்தில் இதைவிட எளிய அமைப்புக்கே இரண்டு வருடம் பிடித்தது, திறப்பதற்கு முன் ஆறு மாதம் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள், அந்தத் தகவலும் டென்வர்காரர்களுக்குக் கிடைத்தது. 1994இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டியபோது பெட்டிகள் கிழிந்து துணிமணி சிதறியது. கடைசியில் 1995 பிப்ரவரி 28 அன்று, 16 மாதம் தாமதமாக நிலையம் திறந்தது, அதுவும் பெரும்பகுதிக்கு ஆட்களும் சாதாரணப் பெல்ட்டும் தள்ளுவண்டியும்தான். மிச்சம் ஓடிய பகுதியையும் 2005இல் மூடினார்கள். ஓடுபாதை, கட்டடம் எல்லாம் தயாராக இருந்தும் ஒரு சந்தேகமான பகுதிக்காக எல்லாமே காத்துக் கிடந்தது.

ஆள் கூட்டினால் தேதியைப் பிடிக்கலாமா என்று உங்கள் மேனேஜர் கட்டாயம் கேட்பார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேச 10 வழி, பத்துப் பேர் என்றால் 45. புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் உங்கள் நல்ல டெவலப்பர்தான். டெஸ்டிங்குக்கு வேண்டுமானால் ஒருவரைக் கேளுங்கள், அது பலன் தரும், கோடு எழுத வேண்டாம்.

அப்புறம், காலண்டரைப் பாருங்கள். ஜனவரி கடைசியில் கோ-லைவ் என்றால் யுஏடி எப்போது? இரண்டாம் மூன்றாம் வாரம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பதின்மூன்றாம் தேதியே கிளம்பிவிடுவார்கள், அந்த வாரம் உங்களுக்கு இல்லவே இல்லை. கிளையன்ட் அமெரிக்காவில் என்றால் டிசம்பர் பாதிக்கு மேல் அங்கேயும் ஆள் இருக்காது, பல இடங்களில் வருடக் கடைசியில் ப்ரொடக்ஷனை, அதாவது நிஜப் பயனர்கள் உபயோகிக்கும் சிஸ்டத்தை, தொடவே விடமாட்டார்கள். மார்ச்சுக்குத் தள்ளலாம் என்றால் நிதி நிறுவனங்களுக்கு வருடக் கணக்கு முடிக்கும் மாதம்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தேதி ஏற்கெனவே கிளையன்ட்டிடம் போயிருந்தால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். "31ஆம் தேதி என்றால் இந்த மூன்று வசதி வரும், எல்லாமே வேண்டுமென்றால் பிப்ரவரி 20 முதல் மார்ச் 10க்குள்" என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை திட்டுவார். எனக்கும் விழுந்தது.

கடைசியாக ஒன்று, நிஜப் பணப் பரிமாற்றத்துக்கு வேண்டிய கேட்வேயின் ப்ரொடக்ஷன் சாவி (ரகசியக் குறியீடு) கேட்டு மெயில் போட்டாயிற்றா? கேஒய்சி, வசூலான பணம் வந்து சேரும் செட்டில்மென்ட் அக்கவுன்ட் என்று கிளையன்ட் தரப்பில் ஆவணங்கள் கேட்பார்கள், அதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டிய டைரக்டர் எப்போதும் வெளியூரில்தான் இருப்பார். இன்றைக்கே போடுங்கள்.