பிறருடைய குளிரைக் கொரிய மொழியில் சொல்வது எப்படி?

கேள்வி: தடாவுக்கு அருகில் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குளிரூட்டிய அறையில் தோழி நடுங்குவதைக் கண்டு, ‘ச்சிங்குகா ச்சுவொயோ’ (தோழிக்குக் குளிர்கிறது) என்றேன். மேற்பார்வையாளர் அதை ‘ச்சுவொஹேயோ’ என்று திருத்தினார். ஏன்?
– வாசகி ஒருவர், ஆரம்பாக்கம்

பதில்: திருத்தம் சரியே. குளிர், அச்சம், துயரம் போன்றவற்றைக் குறிக்கும் கொரியப் பெயரடைகள், உணர்பவர் தம் நிலையைத் தாமே சொல்வதற்கு உரியவை. எதிரில் இருப்பவரிடம் ‘ச்சுவொயோ?’ என்று கேட்கலாம். விடை சொல்லப் போகிறவர் அவர்தானே. மற்றொருவர் உடம்புக்குள் இருக்கும் குளிர் நமக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் அவருடைய நடுக்கமும், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வதும்தான். கண்ணுக்குத் தெரியும் அந்த நடத்தையைச் சொல்லவே, பெரும்பாலும் ‘ஆ’ அல்லது ‘ஒ’ ஒலியில் முடியும் பெயரடை வடிவத்தோடு, ‘செய்’ என்று பொருள்படும் ‘ஹதா’வைச் (மேலே ‘ஹேயோ’ என்று வந்தது இதுதான்) சேர்த்து வினையாக்குகிறார்கள்.

தமிழும் தெலுங்கும் புழங்கும் உங்கள் ஊரில் இதற்கு இணை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘தங்கை பயப்படுகிறாள்’ என்கிறோம்; தெலுங்கில் ‘நாக்கு பயங்கா உந்தி’, ‘செல்லெலு பயபடுதோந்தி’ என்கிறார்கள். இரு மொழியிலும் ‘படு’ செய்யும் வேலையைக் கொரியத்தில் ‘ஹதா’ செய்கிறது. ஆனால் நாம் ‘தங்கைக்குப் பயமாக இருக்கிறது’ என்றும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். உங்கள் பிழை பிறந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வினையானதும் உருபும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘ஜொனுன் கேகா முசொவொயோ’ (எனக்கு நாய் என்றால் பயம்) என்பதில் நாய்க்கு எழுவாய் உருபான ‘கா’ வருகிறது. ‘தோங்செங்உன் கேருல் முசொவொஹேயோ’ (தங்கை நாய்க்குப் பயப்படுகிறாள்) என்பதில் அதே நாய் ‘ருல்’ ஏற்றுச் செயப்படுபொருளாகிவிடுகிறது.

‘பயப்படாதீர்கள்’ என்று தடுக்கவும் வினைதான் வேண்டும்: ‘முசொவொஹாஜி மாசேயோ’. தமிழிலும் ‘பயமாக இருக்காதீர்கள்’ என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இந்த வினைகள் பிறருக்கு மட்டுமே என்று கட்டிவிடவும் கூடாது. ‘ஜோத்தா’விலிருந்து (நன்று, பிடித்தமானது) வந்த ‘ஜோஆஹதா’வைத் (விரும்பு) தன்னைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம். சில சொற்கள் பொருளிலேயே நகர்கின்றன: ‘யெப்புதா’ என்றால் அழகானது, ‘யெப்பொஹதா’ என்றால் ஒருவரைச் செல்லமாகக் கொண்டாடுவது.

பெயரடையை விடாமலே அன்று நீங்கள் பேசியிருக்கவும் வழி உண்டு. ‘ச்சிங்குகா ச்சுவுன்கா ப்வாயோ’, அதாவது ‘தோழிக்குக் குளிர்கிறது போலிருக்கிறது’ என்றிருந்தால், அவர் திருத்தியிருக்க மாட்டார்.